ஆங்கிலக் குறிலும் தமிழ்க் காதும்

தமிழ் பேசும் வீட்டில் பிறந்த குழந்தை பள்ளியின் வாசற்படியை மிதிப்பதற்கு வெகுகாலம் முன்பே, உயிரொலியின் அளவு மாறினால் சொல்லின் பொருளும் மாறிவிடும் என்ற நுட்பமான இலக்கண உண்மையை, அதற்குப் பெயர் இன்னதென்று தெரியாமலேயே, பூரணமாக அறிந்து வைத்திருக்கிறது. பல் வலிக்கிறது என்று அழும் பிள்ளை பால் வேண்டும் என்று அழுவதையும் அறியும். 'விடு' என்றால் பிடித்த கையை விடும், 'வீடு' என்றால் வாசலை நோக்கும். கல்லையும் காலையும், படத்தையும் பாடத்தையும் அது ஒருநாளும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. தொல்காப்பியர் குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை என்றும் நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை என்றும் வகுத்து, அந்த மாத்திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் காட்டியது, ஏட்டைத் தொட்டறியாத தாய்மாரும் நாள்தோறும் பிழையின்றிச் செய்துவந்த காரியத்துக்கு அவர் அளித்த சாஸ்திர வடிவமே ஆகும். இத்தகைய செவிச்செல்வத்தோடு வகுப்பறைக்குள் நுழையும் குழந்தைக்கு ஆங்கிலத்தின் குறுகிய உயிரொலியையும் நீண்ட உயிரொலியையும் போதிப்பது சுலபமாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் நம் ஆரம்பப் பள்ளிகளில் அது உபாத்தியாயருக்கும் குழந்தைக்கும் ஒருங்கே சிரமமாகத்தான் இருந்துவருகிறது. ஒரே பெயரைத் தாங்கிய இரு வெவ்வேறு விஷயங்களை ஒன்றென்று மயங்கி நாம் போதித்துவருவதே இதற்கு முதற்காரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆங்கில ஆரம்பப் புத்தகங்களில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துக்களில் ஒவ்வொன்றுக்கும் 'ஷார்ட்' என்று ஓர் ஒலியும் 'லாங்' என்று ஓர் ஒலியும் சொல்லப்படுகின்றன. எழுத்தின் பெயரே சொல்லுக்குள் ஒலியாக வருமானால் அது லாங். பட்டத்தைக் குறிக்கும் கைட் என்ற சொல்லிலும், வீட்டைக் குறிக்கும் ஹோம் என்ற சொல்லிலும், நாம் தின்னும் கேக்கிலும் வருவது அது. பூனையைக் குறிக்கும் கேட், உட்காருவதைக் குறிக்கும் சிட், சூட்டைக் குறிக்கும் ஹாட் முதலியவற்றில் வருவது ஷார்ட். இவ்வளவில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பில் இதை விளக்க முற்படும் உபாத்தியாயர், குழந்தைக்குப் பழக்கமான சொல்லால் சொல்லுவோம் என்ற நல்லெண்ணத்தோடு, ஷார்ட் என்றால் குறில், லாங் என்றால் நெடில் என்று சொல்லிவிடுகிறார். அந்தக் கணத்திலேயே குழந்தையின் காதுக்கும் புத்தகத்துக்கும் இடையே விரோதம் தோன்றிவிடுகிறது.

எப்படி என்று பார்க்கலாம். பூனையின் பெயரில் வருவது குறில் என்று புத்தகம் சொல்லுகிறது. ஆனால் அச்சொல்லைத் தமிழில் எழுதப் புகுந்தால் ஏகார நெடிலைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அகரவரிசையின் முதற்பக்கத்தில் முதற்படமாக அமரும் ஆப்பிள் என்ற பழத்தின் பெயர் அதே குறுகிய ஒலியில்தான் தொடங்குகிறது. நாமோ ஆகார நெடிலால் எழுதுகிறோம். சூட்டைக் குறிக்கும் ஹாட் என்ற சொல்லிலும், டாக்டரிலும், காலேஜிலும் முதலில் நிற்கும் ஆங்கில உயிர் ஷார்ட். தமிழ் வடிவில் எல்லாம் நெடில். இதில் தமிழ்க் குழந்தையின் காது பொய் சொல்லவும் இல்லை. பையைக் குறிக்கும் பேக், மனிதனைக் குறிக்கும் மேன் என்பன போன்ற சொற்களில், குறுகியது என்று பெயர் பெற்ற அந்த உயிரொலி ஆங்கிலேயரின் வாயிலும் கணிசமாக நீண்டுதான் ஒலிக்கிறது. தண்ணீர்க் குழாயின் பெயரும் ஒட்டும் நாடாவின் பெயரும் ஆங்கிலத்தில் முறையே ஷார்ட், லாங் ஒலிகளுக்குச் சரியான உதாரணங்கள். தமிழ் எழுத்திலோ இரண்டும் டேப் என்ற ஒரே வடிவமாகிவிடுகின்றன. இக்காரணத்தால்தான், ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுத் தரும் புத்தகங்களைச் சிறு குழந்தைகளின் கையில் கொடுப்பது தகாது என்கிறேன். பெரியவர்களுக்கு அவசரத்துக்கு அவை உதவலாம். ஆனால் எந்த வேற்றுமையைக் கேட்கக் குழந்தையின் செவி பழக வேண்டுமோ, அந்த வேற்றுமையையே அவை அழித்துவிடுகின்றன.

ஆங்கிலத்தில் நீளம் என்ற பெயர் எப்படி இப்படித் திரிந்தது என்பது ஒரு சுவையான சரித்திரம்; உபாத்தியாயர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. 1400-ஆம் ஆண்டில் காலமான சாசர் என்ற ஆங்கிலக் கவியின் நாளில், அந்தப் பாஷையின் நெடிலுயிர்கள் உண்மையாகவே குறிலுயிர்களின் நீட்சிகளாக இருந்தன. பெயரைக் குறிக்கும் நேம் என்ற சொல்லை அவர் காலத்தவர் ஏறத்தாழ 'நாம' என்று, இறுதி உயிரும் மெல்லென ஒலிக்க, இரண்டு அசையாகச் சொன்னார்கள். ஸம்ஸ்கிருதத்தின் நாமம் என்ற சொல்லோடு அதற்குள்ள பழைய உறவு அன்று காதுக்கே கேட்டிருக்கும். காலத்தைக் குறிக்கும் டைம் அன்று ஈகாரத்தோடும், வீட்டைக் குறிக்கும் ஹவுஸ் ஊகாரத்தோடும் ஒலித்தன. பிறகு, பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக் காலத்தில், அந்த நெடில்கள் யாவும் வாயினுள் தம் ஸ்தானத்தை விட்டுப் பெயர்ந்தன. ஆகாரம் ஏகாரத்தின் பக்கம் ஏறிற்று, ஏகாரம் ஈகாரமாயிற்று, ஈகாரம் மேலே ஏற இடமின்றி ஐகாரமாக உடைந்தது. டென்மார்க் தேசத்து அறிஞர் ஆட்டோ ஜெஸ்பர்ஸன் இதற்கு உயிரொலிகளின் மாபெரும் பெயர்ச்சி என்ற பொருளில் பெயரிட்டார். குறில்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. இந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே, 1476-இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து வடிவங்கள் படிப்படியாக உறைந்து நின்றன, ஒலிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆகவே இன்று ஆங்கிலப் பள்ளிப் புத்தகம் லாங் என்று அழைப்பது, ஒரு காலத்தில் நெடிலாயிருந்து பின்னர் வேறொன்றாகிவிட்ட ஒலியின் பழைய பட்டப்பெயரேயாகும். காலஅளவை அது இன்று நம்பத்தக்கவாறு காட்டுவதில்லை.

ஆங்கில ஒலியியலாரே இந்த உண்மையை முழுமையாக ஒப்புக்கொள்ளச் சிறிது காலம் பிடித்தது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பேராசிரியராயிருந்த டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, கப்பலைக் குறிக்கும் ஷிப்புக்கும் செம்மறியாட்டைக் குறிக்கும் ஷீப்புக்கும் ஒரே உயிர்க்குறியை எழுதி, பின்னதற்கு நீட்டலடையாளம் ஒன்றை மட்டும் சேர்த்தது. அவருக்குப் பின் அந்த அகராதியைப் பரிசோதித்த கிம்ஸன், 1977-இல் வெளிவந்த பதினான்காம் பதிப்பில், இரண்டுக்கும் வெவ்வேறு குறிகளையே அமைத்தார். நீளத்தில் மட்டுமல்லாமல் ஒலியின் தன்மையிலேயே வேற்றுமை உண்டு என்பதும், அடுத்து வரும் மெய் எதுவோ அதைப் பொறுத்து நீளம் கூடியும் குறைந்தும் போகும் என்பதும் இதன் காரணம். அடிப்பதைக் குறிக்கும் பீட் என்ற சொல்லின் 'நீண்ட' ஈகாரம், வல்லொலி ஒன்றின் முன் நிற்பதால் அரைவாசி சுருங்கிவிடுகிறது. ஏலத்தில் விலை கேட்பதைக் குறிக்கும் பிட் என்ற சொல்லின் 'குறுகிய' இகரம், மென்மையாக அதிரும் மெய்யின் முன் நிற்பதால் அந்த ஈகாரத்தோடு ஏறத்தாழ ஒத்த நேரம் நீள்கிறது. கண் இமைக்கும் நேரத்தை அளவாகக் கொண்ட நம் இலக்கண மரபில் வளர்ந்தவனுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தட்டச்சுப் பயிலகங்களில் சுருக்கெழுத்துக் கற்ற தலைமுறையினர் ஒன்றை நினைவுகூரலாம். ஐசக் பிட்மன் 1837-இல் முதன்முதல் வெளியிட்டுப் பின்னர் பல திருத்தங்களைப் பெற்ற முறையில், உயிரொலிகள் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் காட்டப்படுகின்றன. மெல்லிய புள்ளி குறிலையும் தடித்த புள்ளி நெடிலையும் சுட்டும். எழுத்தைக் கவனியாமல் ஒலியையே கவனித்த பிட்மன், பள்ளிப் புத்தகம் செய்வதுபோல இகரத்துக்கு ஐகாரத்தை ஜோடியாக்கவில்லை. இகரத்தோடு ஈகாரத்தையும், எகரத்தோடு ஏகாரத்தையும், உகரத்தோடு ஊகாரத்தையும் இணைத்தார். குமாஸ்தா வேலைக்காக அந்த வித்தையைப் பயின்ற எத்தனையோ தமிழர் அதை விரைவில் பற்றிக்கொண்டதற்கு, தமிழ் நெடுங்கணக்கோடு அதற்கிருந்த இந்த ஒற்றுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. காதை முன்னிறுத்திய ஆங்கிலேயர் ஒருவர் நம் இலக்கணிகள் சென்ற வழியிலேயே சென்றிருக்கிறார் என்பது மகிழ்ச்சி தருகிறது.

இனி விதிகளைப் பற்றி. சொல்லின் கடைசியில் ஒலியாத ஈ என்ற எழுத்து நின்றால் முன்னுள்ள உயிர் தன் பெயரை ஒலிக்கும் என்பதும், இரண்டு உயிரெழுத்துக்கள் சேர்ந்து வந்தால் முதலாவது தன் பெயரை ஒலிக்க இரண்டாவது மௌனமாயிருக்கும் என்பதும் குழந்தைகளை மனப்பாடம் செய்விக்கும் இரண்டு பிரதான விதிகள். 1963-இல் தியடோர் கிளைமர் என்ற அமெரிக்கர், ஆரம்ப வகுப்பு வாசகப் புத்தகங்களிலுள்ள சொற்களைத் திரட்டி, இத்தகைய 45 விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். முதல் விதி நூற்றுக்கு 63 சொற்களில் பலித்தது. இரண்டாம் விதி நூற்றுக்கு 45-இல் மட்டுமே பலித்தது. அதைவிட வருந்தத்தக்க விஷயம், விதியை மீறும் சொற்களில் பல குழந்தை முதன்முதல் சந்திக்கும் சொற்களாயிருப்பது: உடைமையைச் சொல்லும் ஹேவ், கொடுப்பதைச் சொல்லும் கிவ், வருவதைச் சொல்லும் கம், அன்பைச் சொல்லும் லவ், ஒன்று என்ற எண்ணைச் சொல்லும் ஒன். திங்கட்கிழமை விதியைக் கற்று, செவ்வாய்க்கிழமை இந்தச் சொற்களைப் படிக்கும் குழந்தை, தன் அறிவில்தான் ஏதோ குறை என்று எண்ணிவிடுகிறது. விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வி என்ற எழுத்தோடு சொல்லை முடிப்பது ஆங்கில எழுத்து மரபுக்கு ஆகாததால் ஹேவ், கிவ், லவ் என்பவற்றின் இறுதியில் ஈ வந்து நிற்கிறது, உயிரை நீட்டுவதற்காக அன்று என்பதை உபாத்தியாயர் அறிந்திருந்தால், அச்சொற்களை ஒரு தனிக் குடும்பமாகவே காட்டிவிடலாம். குழந்தைக்கு அவமானம் நேராது.

ஆங்கில எழுத்து முறையின் இந்த வக்கிரத்தைக் குழந்தைகளுக்காகவே நேராக்க முயன்றவர்களும் உண்டு. ஐசக் பிட்மனின் பேரர் ஸர் ஜேம்ஸ் பிட்மன், ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தாக நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துக்களை வகுத்து, 1961 முதல் இங்கிலாந்தின் பள்ளிகள் சிலவற்றில் பரீட்சித்தார். குழந்தைகள் விரைவில் வாசித்தார்கள். ஆனால் வழக்கிலுள்ள எழுத்துக்கு மாற வேண்டிய சமயத்தில் பலர் தடுமாற, அம்முயற்சி நாளடைவில் மறைந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேற்றுமையைத் திருத்தி அமைத்துத் தந்தவர் என்று நாம் போற்றும் வீரமாமுனிவரின் சீர்திருத்தம் தமிழில் நிலைத்ததையும், ஆங்கிலத்தில் பிட்மனின் சீர்திருத்தம் நிலையாததையும் ஒப்பிட்டால், ஒலிக்கும் எழுத்துக்கும் நம் மொழியில் உள்ள அன்னியோன்னியம் எத்தகைய பாக்கியம் என்பது விளங்கும்.

அந்தப் பாக்கியத்தை ஆங்கில வகுப்பில் உபயோகிக்க ஒரு நல்ல இடம் உண்டு. அதைப் பெரும்பாலும் நாம் கவனிப்பதில்லை. தனிக் குற்றெழுத்தை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்து சேருமானால் இரட்டிக்கும் என்பது நன்னூலார் வகுத்த புணர்ச்சி விதி. பல் என்பதோடு ஐ சேர்ந்தால் பல்லை என்றாகிறது, பால் என்பதோடு சேர்ந்தால் பாலை என்றே நிற்கிறது. மண் மண்ணை ஆகிறது, மான் மானையே ஆகிறது. ஆங்கிலத்தைப் பாருங்கள். ஓடுவதைக் குறிக்கும் ரன் என்ற சொல்லோடு இங் என்ற விகுதி சேர்ந்தால் என் என்ற எழுத்து இரட்டிக்கிறது. மழையைக் குறிக்கும் ரெயின் என்ற சொல்லோடு சேர்ந்தால் இரட்டிப்பதில்லை. ஒற்றைக் காலால் துள்ளுவதைக் குறிக்கும் ஹாப் இரட்டிக்கிறது; நம்பிக்கையைக் குறிக்கும் ஹோப் இரட்டிப்பதில்லை. ஆங்கிலத்தில் இரட்டிப்பது எழுத்தளவில்தான், ஒலி ஒற்றையாகவே நிற்கும் என்ற வேற்றுமை உண்மையே; ஆனால் தனிக் குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும் என்ற உள்ளுணர்ச்சி தமிழ்ப் பிள்ளைக்குப் பிறவியோடு வந்தது. டின்னர், வின்னர், ரன்னர் என்று நம்மவர் இயல்பாகவே இரட்டித்து எழுதுவதும், டைனர், ட்ரெயினர் என்று இரட்டியாமல் எழுதுவதும் அந்த உணர்ச்சியின் செயலே. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பல்லையும் பாலையும் கரும்பலகையில் ஒருபுறம் எழுதி, மறுபுறம் இந்த ஆங்கில ஜோடிகளை எழுதிக் காட்டினால், வேற்று நாட்டுப் பிள்ளைகள் பயிற்சித்தாள் பல நிரப்பிக் கற்கும் ஒரு விதியை அது சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும்.

முதல் வகுப்பில் எங்கே தொடங்குவது என்பதே எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி. ஒலிவழி வாசிப்புக்காக இங்கிலாந்தில் எழுதப்பட்ட புத்தகங்கள் பல, பூனையின் பெயரிலுள்ள அந்தக் குறுகிய ஒலியை முதலாவது உயிராக நிறுத்துகின்றன. நாமும் அவற்றைப் பின்பற்றி, பூனை பாயில் உட்கார்ந்த கதையோடு வாசிப்பைத் தொடங்குகிறோம். ஆங்கிலக் குழந்தைக்கு அது தாயின் மடியில் கேட்ட ஒலி. தமிழ்க் குழந்தைக்கோ தன் மொழியில் நேரான இணை இல்லாத ஒலி அது. அறியாத எழுத்தையும் அறியாத ஒலியையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? உட்காருவது, பேனா, கிண்ணம் ஆகியவற்றைக் குறிக்கும் சிட், பென், கப் என்ற சொற்களில் வரும் இ, எ, அ என்ற ஒலிகள் நம் குழந்தைக்கு அண்டைவீட்டு ஒலிகள். அவற்றில் தொடங்கி, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தம் மனத்தில் ஊன்றிய பிறகு, பூனையின் உயிரையும் சூட்டின் உயிரையும் தனித்தனியே, போதிய அவகாசத்தோடு கற்பிப்பதே நம் நாட்டுக்கு உரிய வரிசை.

சொற்களைத் தெரிந்தெடுப்பதிலும் தமிழின் இயல்பை நோக்க வேண்டும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலால் கப் என்று நிறுத்தத் தெரியாமல் கப்பு என்கிறது குழந்தை, அதனால் ஓர் அசை இரண்டசையாகி உயிரின் அளவும் மங்கிவிடுகிறது. பால், மண், மரம் என்று லகர, ணகர, மகர மெய்களில் முடியும் சொற்களைப் பள்ளித் தமிழில் அது காண்கிறது; வீட்டுப் பேச்சில் அவற்றிலும் சில பாலு, மண்ணு என்று உகரம் பெற்றாலும் நிறுத்திச் சொல்வது அதற்குக் கடினமன்று. எனவே பின், பென், டென், சன், ரன், பெல், ஹில் போன்ற சொற்கள் முதலில் வரட்டும். எகரம் சொல்லின் முதலில் நின்றால் நம் நாவில் யகரம் தானே முளைத்து, முட்டையின் பெயர் யெக் என்றாகிவிடுகிறது. ஆகையால் எகரத்துக்கு முட்டையின் படம் நல்ல முதற்படமன்று, மணியின் படமோ பேனாவின் படமோ நல்லது.

இவை யாவும் எழுத்தைக் காட்டுவதற்கு முன் செவியால் நடக்க வேண்டிய அப்பியாசங்கள். உபாத்தியாயர் ஷிப் என்றும் ஷீப் என்றும் மாற்றி மாற்றிச் சொல்ல, குழந்தைகள் கப்பல் படத்தையோ ஆட்டுப் படத்தையோ தொடட்டும். மூன்று சொற்களில் வேறுபட்ட ஒன்று எது என்று சொல்லட்டும். காது தேறிய பிறகு நாவும், நா தேறிய பிறகு கண்ணும், அதன் பிறகே கையும் என்ற இந்த வரிசையை மாற்றி, முதல் நாளிலேயே நான்கு கோட்டு நோட்டில் எழுத்தை நிரப்பச் செய்வதால் பிள்ளைக்குக் கிடைப்பது விரல்வலி ஒன்றுதான். இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாற்பது சொற்களை வாசிக்கச் சொல்லும் ஒரு சோதனை நடக்கிறது. அவற்றில் இருபது, பொருளில்லாத கற்பனைச் சொற்கள். குழந்தை மனப்பாடத்தால் வாசிக்கிறதா, ஒலிகளைக் கூட்டி வாசிக்கிறதா என்பது அவற்றில் தெளிவாகிவிடும். உபாத்தியாயர் தம் வகுப்பின் நிலையைத் தாமே அறிய அத்தகைய சொற்கள் சில நமக்கும் உதவும். அதை மதிப்பெண் பரீட்சையாக்கிக் குழந்தைகளை வரிசைப்படுத்தினால் மட்டும் அதைப்போன்ற கேடு வேறில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பூனையின் பெயரை உங்கள் குழந்தை ஏகாரத்தால் சொல்லிவிட்டது என்பதற்காக வருந்தவோ, பிறர் முன் அதைத் திருத்தி நாணச் செய்யவோ வேண்டாம். ஆங்கிலேயர் இரண்டு உயிர்களை இழைத்துச் சொல்லும் ஏ, ஓ முதலிய ஒலிகளை நாம் ஒரே உயிராகச் சொல்கிறோம். ஸ்காட்லாந்து மக்கள் தம் தாய்மொழியாகவே ஆங்கிலத்தைப் பேசும்போது அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களை யாரும் குறை கூறுவதில்லை. பொருள் மாறாத அளவுக்கு ஒலி தெளிந்தால் போதும். வீட்டில் குழந்தையோடு நல்ல தமிழைப் பேசி, கதை சொல்லி, குறிலும் நெடிலும் அதன் காதில் கூர்மை குன்றாமல் இருக்கச் செய்வதே ஆங்கிலத்துக்கும் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

ஆகவே பாடப்புத்தகக் குழுவினரையும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுவே: முதல் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் ஒலிவரிசையை இங்கிலாந்துக் குழந்தையின் காதைக் கொண்டு தீர்மானியாமல், தமிழ்க் குழந்தையின் காதைக் கொண்டு தீர்மானியுங்கள், தமிழ் ஒலியிலக்கணத்தையும் ஆங்கில ஒலியியலையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பாடம் ஒன்றை ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் ஒவ்வொருவரும் கற்றுத் தேற வழி செய்யுங்கள், அதுவரையிலாவது, ஷார்ட் என்பதற்குக் குறில் என்றும் லாங் என்பதற்கு நெடில் என்றும் வகுப்பில் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவையுங்கள்.